மஞ்சக்குட்டி

சூடு இன்னும் ஆறவில்லை. சங்கரவடிவு குடுவையைத் துணியோடு சேர்த்துத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சுள்ளென்றது, கீழே வைத்துவிட்டாள். பாக்டீரியா வளர்க்கிற தட்டில் அகர்க்கூழ் ஊற்றக் கன்னம் பொறுக்கிற சூடு வேண்டும். அதற்கு மேலே இருந்தால் தட்டு மூடியெல்லாம் வேர்த்து வடியும், மறந்து விட்டுவிட்டாலோ குடுவைக்குள்ளேயே கெட்டியாகி, போடி என்று உட்கார்ந்துகொள்ளும். வெப்பமானி டிராயரில்தான் கிடக்கிறது, யார் எடுப்பது, இத்தனை வருஷம் கன்னம் சொன்னதில் ஒரு தட்டாவது கெட்டதுண்டா. எம்.எஸ்ஸி. பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள், ஓய்வு பெறப்போகிற வயசில் மேடம் கண்ணாடிக் குடுவையைக் கொஞ்சுகிறார்கள் என்று. சிரிக்கட்டும், சிரிக்கிற வயசுதானே. உண்மையில் இந்தத் தட்டுகளை இன்றைக்கு ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த வாரச் செய்முறை வகுப்புக்குத்தான் வேண்டும். ஆனால் கை சும்மா இருந்தால் கால் எழுந்துபோய் இன்குபேட்டர் முன்னால் நின்றுவிடும். அதற்காகத்தான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அது உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு தட்டு. திரும்பாதே, திரும்பினால் திறப்பாய். ஜுனைதாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஜுனைதா துறையில் அவளுக்கு அடுத்தபடி, மேலப்பாளையத்துக்காரி, வகுப்புக்குப் போகும்போது வாசலில் நின்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள்: "நான் கிளாஸ் முடிச்சிட்டு ஓடி வந்துருதேன் மேடம், ரெண்டு பேரும் சேந்தே திறப்போம். நீங்க தனியாத் திறந்து தனியா அழுதுக்கிட்டு நிக்கப்படாது, சொல்லிட்டேன்." அழுவேன் என்று இவளுக்கு யார் சொன்னது? என்ன பெரிய இழவா விழுந்துவிட்டது, ஒரு பாக்டீரியா, கண்ணுக்கே தெரியாத ஒன்று, இருந்தால் இருக்கிறது, செத்தால் செத்தது. அப்படிச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

செத்தால் செத்தது என்று எப்படிச் சொல்வது? செத்ததற்குப் பெயர் கிடையாதே. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்லுவாள். ஒரு புதுச்செடி கண்டுபிடித்தால் அதைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பத்திரப்படுத்தலாம், இதுதான் அந்தச் செடி என்று நூறு வருஷம் கழித்தும் காட்டலாம். ஒரு தவளை என்றால் பாட்டிலில் போட்டு வைக்கலாம். புலி என்றால் தோல் போதும். பாக்டீரியாவுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, அது உயிரோடு இருக்க வேண்டும், இரண்டு நாடுகளில் இரண்டு சேமிப்பகங்களில் உயிரோடு கொண்டுபோய்க் கொடுத்து, ஆமாம், எங்கள் கையில் இது வளர்கிறது என்று அவர்கள் எழுதித் தர வேண்டும், அப்புறம்தான் பெயர். இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வந்துவிட்டது, இரண்டும் ஒரே பதில், வளரவில்லை. எப்படி வளரும், போன வெள்ளத்தில் ஊரே மிதந்தபோது கரண்ட் போய், ஜெனரேட்டரில் தண்ணீர் ஏறி, ஃப்ரீசருக்குள் வருஷக்கணக்காய் உறைந்து கிடந்ததெல்லாம் ஐஸ்குச்சி மாதிரி உருகிவிட்டதே. மறுபடி உறையவைத்து அனுப்பினார்கள், நம்பிக்கைதான், வேறென்ன. மஞ்சக்குட்டி பிழைக்கவில்லை. மஞ்சக்குட்டி என்று பெயர் வைத்தவர் விலங்கு டாக்டர் ஞானதுரை. முதல் முதலில் தட்டில் அது வளர்ந்து நின்ற அன்று, கடுகைவிடச் சின்னதாய், பளபளவென்று மஞ்சளாய், "என்ன டாக்டரம்மா, மஞ்சத் தேச்சுக் குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்கு உங்க குட்டி" என்றார். அன்றிலிருந்து ஆய்வகத்தில் அதற்கு அதுதான் பெயர். அதன் மரபணு எழுத்துகளை வரிசையாக எடுத்து உலகத்தில் தெரிந்த அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, நெருங்கிய சொந்தம் என்று வந்ததே தூரத்துச் சொந்தம், எங்கேயோ குளிர்கடல் மீன் ஒன்றின் செவுளில் இருப்பது. புது இனம், சந்தேகமே இல்லை. "பேரு என்ன வைக்கப் போறிய? என் பேரை மட்டும் வச்சிராதீய டாக்டரம்மா, நாளைக்கு எவனுக்காவது அதனால வயித்தால போச்சுன்னா என்னைத்தான் ஏசுவான்." அதனால் அது கிடைத்த ஆற்றின் பெயர்தான் வைப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது, பொருநை. வைக்கத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. வேலை, வேலைக்கு மேல் வேலை, அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தது, அப்புறம் ஞானதுரை போனது, அதற்கப்புறம் ஃப்ரீசரில் இருந்த அந்தக் குப்பியைத் தொடவே பிடிக்காமல் போனது. தொட்டிருக்க வேண்டும். வெள்ளத்துக்கு முன்னாலேயே தொட்டிருக்க வேண்டும். சரி, இப்போது அதை நினைத்து என்ன?

கன்னத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்சம். வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது, அதன் கத்தலுக்கு நடுவே இன்குபேட்டர் ஒருதரம் டிக்கென்று நின்று மறுபடி ஓடியது. அன்றைக்கும் இப்படி ஒரு மதியம்தான். முக்கூடல் பக்கத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் போன் பண்ணியிருந்தார்கள், ஸார், வலையில் நீர்நாய் சிக்கிக் கிடக்கு, நைலான் நூலை முழுங்கிட்டு மூச்சுக்குத் திணறுது. ஞானதுரை காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், அவள் அந்த விலங்குகளின் வாயிலும் மூக்கிலும் என்ன குடியிருக்கிறது என்று பார்க்கிற டாக்டர், அதனால் எங்கே போனாலும் சேர்ந்தே போவது என்று ஒரு வழக்கம். அந்த ஜீப் பூராவும் அன்றைக்குப் பலாப்பழ வாசனை. பாபநாசத்தில் யாரோ கொடுத்த பழம், பின்சீட்டில் சாக்கு விரித்து ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. ஆற்றங்கரையில் நாணலுக்குள் அந்த நீர்நாய் கிடந்தது, பழுப்பு நிறம், ஈரமயிர், நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, கண் மட்டும் அவ்வளவு கோபமாக. மயக்க ஊசி போட்டார். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பாதிதான் போட்டார். நூல் தொண்டைக்குள் போயிருந்தது, இடுக்கிக்கு எட்டவில்லை, கையுறை போட்ட விரலுக்கு வழுக்கியது. "இந்தச் சனியனைப் போட்டுக்கிட்டு நூலா பிடிக்க முடியும்" என்று கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு இரண்டு விரலை உள்ளே விட்டார். ஐயோ டாக்டர், கடிச்சிரும் என்று அவள் கத்தினாள். கடித்தது. கடித்தபோதும் கையை எடுக்கவில்லையே அந்த மனுஷன். முகம் கறுத்துப்போய், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக அந்த நூலை உருவினார். ஒரு முழம் இருக்கும். உருவி முடிப்பதற்குள்ளேயே, "வாய் திறந்திருக்கு டாக்டரம்மா, ஸ்வாப் எடுங்க, சட்டுன்னு எடுங்க" என்கிறார். அவள் குழாயைத் திறந்து பஞ்சுக்குச்சியை எடுத்து, அவர் விரல்களுக்கு நடுவே விட்டு, தொண்டையில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள்.

விரல்களுக்கு நடுவே. இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு முள்ளில் சிக்கிய முந்தானை மாதிரி நின்றுவிடும், எப்போதும் இங்கேதான். பஞ்சு விரலில் பட்டதா? ஒரு தடவை நினைத்தால் படவில்லை, நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்தது. இன்னொரு தடவை நினைத்தால் வெளியே வரும்போது அவர் நடுவிரலின் ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்தது, அந்த விரலில் ரத்தம் கசிந்திருந்தது. மூன்றாவது தடவை நினைத்தால் பஞ்சு மட்டுமில்லை, அவள் விரலும் அவர் விரலில் பட்டது, அந்த ஆற்று ஈரத்திலும் அவர் கை சூடாக இருந்தது. எது நடந்தது, எது அவளாகச் சேர்த்துக்கொண்டது? அதற்கப்புறம் மற்ற நீர்நாய்களிடமும் எடுத்துப் பார்த்தாயிற்று, சேரன்மகாதேவிப் பக்கம், அணைக்கட்டுப் பக்கம், செத்துக் கிடந்த ஒன்றின் வாயில்கூட. மஞ்சக்குட்டி எதிலும் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் கிடைத்தது, அந்த ஒன்றின் வாய்க்குள் ஒரு மனுஷக் கையும் இருந்தது. அப்படியானால் அது நீர்நாயுடையதா, அவருடையதா? மாட்டையும் யானையையும் மயிலையும் முள்ளம்பன்றியையும் தொட்ட கை, எதில் என்ன ஒட்டிக்கொண்டு குடியேறியதோ. அப்போதே அவர் கையிலும் ஒரு பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். தோன்றவில்லை. அப்போது அவளுக்கு அந்தக் கையைக் கழுவிக் கட்டுப்போட வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. நீர்நாய் எழுந்து, தள்ளாடி, ஒரு நன்றி கின்றி எதுவும் இல்லாமல் தண்ணீருக்குள் சரேலென்று போனது. "பாத்தியளா, பீஸ் குடுக்காம ஓடுது" என்று சிரித்தார் ஞானதுரை, கையில் ரத்தம் சொட்டச் சொட்ட. அவரை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போடுகிற நர்ஸ் தலை நிமிராமல் கேட்டாள், எந்த நாய் கடிச்சது, தெருநாயா வீட்டுநாயா? "நீர்நாய்மா." நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள், குடித்திருக்கிறாரோ என்று பார்க்கிற பார்வை, அப்புறம் வெறும் நாய் என்று எழுதிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவ்வளவு சிரிப்பு அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் வரவில்லை. பலாப்பழத்தை அங்கேயே, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில், ஜீப் டிரைவரின் கத்தியால் பிளந்து தின்றார்கள். கட்டுப் போட்ட கையால் அவருக்குச் சுளை எடுக்க வரவில்லை, அவள்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு தட்டில் மஞ்சக்குட்டி வளர்ந்தபோது அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "ஏய், பலாச்சுளை!" என்றார். தட்டை முகரக் கூடாது, அது முதல் பாடம், பிள்ளைகள் முகர்ந்தால் கையிலேயே ஒன்று வைப்பாள். ஆனால் அவர் நீட்டியபோது அவளும் முகர்ந்தாள். ஆமாம், பலாச்சுளைதான். அல்லது அந்த மத்தியானத்தின் வாசனை மூக்கில் மிச்சமிருந்ததா, அதுவும் தெரியாது.

அவருக்கு மனைவி போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அவளுக்குக் கல்யாணம் என்பதே கூடிவரவில்லை. நடுவில் என்ன தடை என்று கேட்டால், சர்ச்சு, கோயில், அம்மா, ஊர், இதெல்லாம் சொல்லலாம், ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் யாராவது வாயைத் திறந்திருக்க வேண்டுமே. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம், இதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளக்கூட அவர் சாக வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றவர் அப்படியே வண்டி மேலே சாய்ந்துவிட்டார். பாளையங்கோட்டை வீட்டில் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார்கள், கோட்டு, டை, தலை படிய வாரி, யாரோ பெரிய மனுஷன் மாதிரி. அவள் துறைக்காரர்களோடு வரிசையில் வந்து பெட்டிக்கு அருகே நின்றாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையைப் பார்த்தாள். கையில் வெள்ளைக் கையுறை. அவர்கள் வழக்கம் அது, சவத்துக்கு வெள்ளைக் கையுறை போடுவார்கள், அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் அவளுக்கு அங்கே சிரிப்பு வந்தது, சிரிப்பா அது, என்ன எழவோ, வெளியே வந்துவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் கையுறை போடுங்க டாக்டர், போடுங்க டாக்டர் என்று அவள் தொண்டை வற்றக் கத்தியதற்குக் கடைசியில் போட்டுக்கொண்டுவிட்டாரே. அந்த நடுவிரலில் நீர்நாய் கடித்த தழும்பு இருந்தது, அதைக்கூடப் பார்க்க விடாமல் மூடிவிட்டார்களே என்று ஆங்காரமாக வந்தது. யார் மேல் ஆங்காரம்? அந்தத் தழும்பைப் பார்க்க அவளுக்கு என்ன உரிமை?

குடுவை! பதறிக் கன்னத்தில் வைத்தாள், நல்லவேளை, சரியான பதம். தட்டுகளை அடுக்கி, விளக்குச் சுடரில் குடுவை வாயைக் காட்டி, ஒவ்வொரு மூடியையும் பாதி தூக்கி ஊற்றத் தொடங்கினாள். கைக்கு இது பழகிய வேலை, மனசு வேண்டாம். கடல்பாசிதான் இது, வேறொன்றுமில்லை, ஜுனைதா நோன்புக்கு இதையேதான் பாலும் சர்க்கரையும் போட்டு ரோஸ் நிறத்தில் காய்ச்சிக் கொண்டுவருவாள், "அதே சரக்குதான் மேடம், பூச்சிக்குப் போடுததை நமக்கும் போட்டிருக்கேன்" என்று. தட்டு தட்டாகப் பரவி மினுங்கியது. வெள்ளத்துக்கு அப்புறம் அலமாரியைக் கழுவும்போதுதான் பின்வரிசையில் இன்னொரு குப்பி கிடைத்தது. மேலே பாரபின் எண்ணெய் ஊற்றி மூடி வைத்தது, பழைய காலத்து முறை, ஃப்ரீசரெல்லாம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் வைப்பார்கள், எண்ணெய்க்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு வருஷக்கணக்காக இருக்கும். அவளே எப்போதோ பொழுது போகாமல் வைத்தது. அதிலிருந்து எடுத்துக் கோடு கோடாகத் தீட்டிய தட்டுதான் முதுகுக்குப் பின்னால் இருப்பது. குப்பியில் இனி ஒன்றுமில்லை, வழித்து எடுத்தாயிற்று. இன்றைக்குள் வளர்ந்திருந்தால் உண்டு. வெறும் தட்டாக இருந்தால் என்ன செய்வாய், வடிவு? வெறும் தட்டைவிட மோசம், வெள்ளை வெள்ளையாக ஏதாவது வளர்ந்திருப்பது, அவள் தோலிலிருந்து விழுந்த ஏதாவது சாதாரணப் பூச்சி, அவள் கையே மஞ்சக்குட்டி மேல் ஏறி உட்கார்ந்து தின்றுவிட்டதாக ஆகிவிடும். அப்புறம் காலையில் ஜுனைதா கேட்டது வேறு: "கட்டுரை முடிஞ்சிட்டு மேடம், எதிலிருந்து எடுத்ததுங்கிற வரி மட்டும் காலியா நிக்கி. நீர்நாய்த் தொண்டைன்னு போட்டு முடிச்சிரவா?" பொறு என்றாள் சங்கரவடிவு.  கையுறை கழற்றிய கதையை ஜுனைதாவிடம் சொன்னதில்லை. ஒரு நல்ல டாக்டரைக் கவனக்குறைவானவர் என்று அச்சில் ஏற்றுவதா? அவர் கையுறையைக் கழற்றவில்லை என்றால் அந்த ஜீவன் அன்றைக்குச் செத்திருக்குமே, அதை எந்த வரியில் எழுதுவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. நீர்நாயுடையது என்று யாராவது நிரூபித்துவிடுவார்களோ என்கிற பயம். அவருடையதாக இருக்கட்டும் என்று அவள் உள்ளூர ஆசைப்பட்டாள். மண்ணுக்குள் வெள்ளைத் துணி சுற்றிக் கிடக்கிற அந்தக் கையிலிருந்து ஒன்றாவது மேலே, வெளிச்சத்தில், உயிரோடு, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி. சீ, இது என்ன விஞ்ஞானமா என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "திறந்துட்டியளா? இல்லையே?" ஜுனைதா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், விரலெல்லாம் சாக்பீஸ். "கிளாஸை அஞ்சு நிமிஷம் முந்தியே விட்டுட்டேன், பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம்." "உக்காருங்க மேடம், நான் எடுக்கேன்" என்றாள். வேண்டாம் என்று சங்கரவடிவு எழுந்தாள். கதவைத் திறந்ததும் வெதுவெதுவென்று காற்று முகத்தில் பட்டது. தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள். முதல் பார்வைக்கு ஒன்றுமில்லை. தீட்டிய கோடுகள் மட்டும், வெறும் கீறல். "மேடம்" என்றாள் ஜுனைதா மெதுவாக, தோளைத் தொட்டு. பொறு, பொறு, சாய்த்துப் பார்க்கிறேன். சாய்த்தாள். கடைசிக் கோட்டின் முனையில், ஓரமாக, ஒன்று. அதை அடுத்து இன்னொன்று. கடுகைவிடச் சின்னதாய், பளபளவென்று, மஞ்சள்.

"யா அல்லாஹ்" என்றாள் ஜுனைதா. "மேடம், மஞ்சக்குட்டி மேடம்!"  இத்தனை வருஷம் பிள்ளைகளை அடித்துத் திருத்திய சங்கரவடிவு மூடியைத் தூக்கி, தட்டை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி, பிசின் ஒட்டிய கத்தி, கட்டுப் போட்ட கை, எல்லாம் அப்படியே இருந்தது. ஜுனைதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழத்தான் செய்தாள் சங்கரவடிவு, தட்டில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"அந்த வரியை எழுதிரலாம் ஜுனைதா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீர்நாயின் தொண்டைன்னு போடு. அதோட, அப்ப அந்த வாய்க்குள்ள ஒரு மனுஷக் கையும் இருந்துச்சுன்னு போடு. கையுறை இல்லாத கை. நூலை எடுக்கதுக்காகக் கழட்டின கை. ரெண்டுல எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியாதுன்னு போடு."

"மேடம், திருப்பி அனுப்பினாலும் அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். தெரியாததைத் தெரியாதுன்னுதான எழுதணும். உயிரோட இருக்குல்லா, அது போதும்."

மேஜை மேல் ஊற்றி வைத்த தட்டுகள் உறைந்து தயாராக நின்றன. வேண்டாத தட்டுகள் என்று நினைத்தாளே, அத்தனையும் இப்போது வேண்டும், இரண்டு நாட்டுக்கும் அனுப்ப, இங்கே வைக்க, எண்ணெய்க்கு அடியில் வைக்க. மஞ்சக்குட்டியைத் தொட்டெடுக்கிற கம்பி வளையத்தைச் சுடரில் காட்டினாள், அது சிவந்து ஆறும்வரை நின்றாள். கையுறைப் பெட்டி எட்டுகிற தூரத்தில் இருந்தது. வெறுங்கையோடு தீட்டினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, ஏதாவது ஒன்று அவள் கையிலிருந்தும் விழுந்து, அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் என்ன?

கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.